உழவு இயந்திரப் பெட்டியின் அடித்தட்டு: எண்ணெய் பூசுவதா, பலகை மாற்றுவதா, தகடு போடுவதா?

வன்னியில் நான்கு சில்லு உழவு இயந்திரம் வைத்திருப்பவர்கள் இயந்திரத்தின் ஒயிலையும் பில்ரரையும் நாள் பார்த்து மாற்றுவார்கள். பின்னால் இழுபடும் பெட்டியின் அடித்தட்டு மட்டும், நெல் மூட்டையின் மூலை பலகைக்குள் இறங்கும் நாள் வரை எவருடைய கண்ணிலும் படுவதில்லை. அந்த நாள் பெரும்பாலும் காலபோக அறுவடையின் நடுவில்தான் வரும். வெட்டு மெசின் வயலில் நிற்க, வாடகைக்குக் கேட்டவர்கள் வாசலில் நிற்க, யோசிக்க நேரமின்றி இரும்பு ஒட்டும் ஒட்டுக் கடைக்குக் கொண்டுபோய் மேலே ஒரு தகட்டை அடித்துக்கொண்டு வருவார்கள். அல்லது கையில் கிடைத்த பலகைத் துண்டை நாலு ஆணியால் இறுக்கிவிடுவார்கள். இரண்டுமே அடுத்த மாரிக்குள் கூடுதல் செலவு வைக்கும் வேலைகள். ஆகவே இந்த முடிவை ஆவணியிலோ புரட்டாதியிலோ, சிறுபோகம் முடிந்து பெட்டி சும்மா நிற்கும்போது எடுப்பதே முறை.

தெரிவுகள் நான்கு. இருக்கும் பலகைகளைச் சுத்தம் செய்து எண்ணெய் பூசிக் காப்பது முதலாவது. பழுதான பலகைகளை மட்டும் மாற்றி மற்றவற்றைக் காப்பது இரண்டாவது. முழுத் தட்டையும் கழற்றிப் புது மரம் போடுவது மூன்றாவது. மரத்தை விட்டுவிட்டு இரும்புத் தகட்டுக்கு மாறுவது நான்காவது. இவற்றுள் எது சரி என்பதைப் பெட்டியின் வயது சொல்லாது. அது எதை ஏற்றுகிறது என்பதும், அதில் விழும் தண்ணீர் எங்கே தேங்குகிறது என்பதுமே சொல்லும். பூச்சைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். என்னுடைய எண்ணத்தில் பூச்சு இரண்டாவது கேள்வி. தண்ணீர் வடியாத தட்டுக்கு எந்தப் பூச்சும் உதவாது. வடியும் தட்டுக்கு மலிவான எண்ணெயே போதும்.

மரத்தை உக்க வைப்பது பூஞ்சணம். மரத்தின் ஈரம் அதன் உலர்ந்த எடையில் 20 வீதத்துக்குக் கீழே நிற்கும்வரை பூஞ்சணத்தால் அதைத் தின்ன முடியாது. வன்னியின் காலநிலை இந்த வகையில் நமக்குச் சாதகமானது. மழையின் பெரும்பங்கு ஐப்பசி தொடங்கித் தை வரையான வாடைக் காலத்திலேயே கொட்டித் தீர்ந்துவிடுகிறது. வைகாசி முதல் புரட்டாதி வரை சோளகக் காற்று அடித்துப் பலகையை எலும்பாகக் காய்ச்சிவிடுகிறது. எட்டு மாதம் காய்ந்திருக்கும் ஒரு தட்டு ஏன் உக்குகிறது என்று கேட்டால், அது முழுவதும் காய்வதில்லை என்பதுதான் பதில்.

மாசி மாதத்தில், மழை விட்டு ஒரு மாதமான பின்னர், உங்கள் பெட்டியில் ஒரு பலகையைக் கழற்றிப் பாருங்கள். மேற்பக்கம் வெளிறிச் சாம்பல் நிறமாகக் காய்ந்திருக்கும். குறுக்குச் சட்டத்தின் மேல் அமர்ந்திருந்த அடிப்பக்கத்தில் கறுப்பான ஈரப்பட்டை ஒன்று ஓடும். இரண்டு பலகைகளுக்கிடையே வைக்கோல் தூசும் பதரும் செம்மண்ணும் களியாக இறுகிக் கிடக்கும். அதற்குள் சிந்திய நெல் முளைத்து, வெளுத்த நாற்றாக வெளிச்சம் தேடி வளைந்து நிற்பதும் உண்டு. நெல் முளைக்குமளவு ஈரம் இருக்கும் இடத்தில் பூஞ்சணமும் வளரும். போல்ற் துளையைச் சுற்றி ஒரு கறுப்பு வளையம் தெரிந்தால் இரும்பும் மரத்தின் துவர்ச்சத்தும் சேர்ந்து வேலை செய்திருக்கின்றன என்று பொருள். அந்த இடத்தை ஸ்குறூ றைவரின் முனையால் குத்தினால், நல்ல மரத்தில் முனை நிற்கும், கெட்ட மரத்தில் இறங்கும். கிளறி எடுத்த துண்டு நாராகப் பிரியாமல் சிறு சதுரக் கட்டிகளாக உதிர்ந்தால் அந்தப் பலகையைக் காப்பாற்றப் பார்க்க வேண்டாம்.

இந்தச் சோதனையை எல்லாப் பலகைகளிலும், முக்கியமாகப் பின்கதவு ஓரத்திலும், நான்கு மூலைகளிலும், குறுக்குச் சட்டங்களின் மேலும் செய்த பின்னரே எந்தத் தெரிவு என்று பேச முடியும். பழுது மூன்றில் ஒரு பங்கு பலகைகளுக்குள் அடங்குமானால் இரண்டாவது வழியே சிக்கனம். மரத்தட்டின் பெரிய வசதியே இதுதான்: ஒரு பலகையை ஒரு பகலில் கழற்றி மாற்றலாம், ஒட்டுக் கடையும் மின்சாரமும் தேவையில்லை.

உக்காவிட்டாலும் தேய்ந்துபோன பலகையைக் கவனிக்க வேண்டும். வளைவைத் தாங்கும் வலிமை பலகையின் தடிப்பின் வர்க்கத்தோடு போகிறது. ஒன்றரை அங்குலப் பலகை சவளும் மணலும் உரசிக் கால் அங்குலம் தேய்ந்தால், பார்வைக்கு ஆறில் ஒரு பங்குதான் குறைந்திருக்கும். வலிமையில் ஏறக்குறைய 30 வீதம் போயிருக்கும். நெல்லை மட்டும் ஏற்றும் பெட்டிக்கு அது பெரிய இழப்பன்று. மணல் ஏற்றுபவருக்கு அது ஆபத்து. 100 கன அடியான ஒரு கியூப் மணல், உலர்ந்த நிலையிலேயே நாலரைத் தொன் அளவில் வரும். அதே கன அளவு நெல் ஒன்றேமுக்கால் தொன்னைத் தாண்டாது. ஈர மணலின் கணக்கு இன்னும் மேலே. எனவே நெல்லோடு மணலும் கிரவலும் ஏற்றும் பெட்டியில் தேய்ந்த பலகையையும் உக்கிய பலகைக் கணக்கிலேயே சேர்க்க வேண்டும்.

இனி இரும்புத் தகடு. மரத்தை விட்டுத் தகட்டுக்குப் போவோர் சொல்லும் காரணங்கள் சரி. உக்காது, கறையான் ஏறாது, சவளால் வாரும்போது பலகை ஓரத்தில் தட்டுப்படாது, மணல் கீழே சிந்தாது. இரும்பு பாரம், மரம் இலேசு என்று எதிர்த்தரப்பினர் சொல்வதுதான் கணக்குப் போட்டால் நிற்பதில்லை. 10 அடி நீளமும் 6 அடி அகலமும் கொண்ட தட்டுக்கு 3 மில்லிமீற்றர்த் தகடு ஏறக்குறைய 130 கிலோ வரும். அதே தட்டை ஒன்றரை அங்குலத் தேக்கால் போட்டால் அதுவும் 130, 140 கிலோதான். பாலை மரத்தில் போட்டால் 200 கிலோவைத் தாண்டிவிடும். பாரத்தைக் காரணம் காட்டி இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க இடமில்லை.

வேறுபாடு வேறு இடத்தில் இருக்கிறது. 3 மில்லிமீற்றர்த் தகடு தன்பாட்டில் விறைப்பாக நிற்காது. பலகைக்குப் போதுமான இடைவெளியில் அமைந்த குறுக்குச் சட்டங்களின் மேல் அதைப் போட்டால், கருங்கல் ஒன்று விழும் ஒவ்வொரு தடவையும் சட்டங்களுக்கிடையே குழி விழும். குழியில் தண்ணீர் நிற்கும், அங்கேயே கறள் தொடங்கும். ஆகவே தகட்டுக்கு மாறுவதென்றால் இடையிடையே புதிய குறுக்குச் சட்டங்களும் ஒட்ட வேண்டும். பாரமும் செலவும் அங்கேதான் ஏறும். ஒட்டிய இடங்களில் பழைய பூச்சு எரிந்துபோவதால், அடிப்பக்கத்தில் படுத்துக் கிடந்து அவற்றைத் தேய்த்துப் பூசாவிட்டால் கறள் மேலிருந்து வராமல் கீழிருந்து வரும். உரம் ஏற்றும் பெட்டியில் இது இன்னும் விரைவு, ஏனெனில் பொட்டாசு உரத்தில் உள்ள குளோரைட்டு இரும்பை அரிக்கும். ஆனையிறவு உப்பையோ முல்லைத்தீவுக் கரையிலிருந்து மீன் பெட்டிகளையோ ஏற்றுவோருக்கும் இதே கதைதான். உப்பு நீர் மரத்தை உக்கவிடாமல் ஓரளவு காக்கவே செய்யும், ஆனால் போல்ற்றையும் சட்டத்தையும் தின்றுவிடும்.

வெயிலையும் சொல்ல வேண்டும். சித்திரை வைகாசியில் திறந்த வெளியில் நிற்கும் தகட்டில் உள்ளங்கையை வைக்க முடியாது. விதைநெல்லை 43 பாகை செல்சியசுக்கு மேல் சூடேற விட்டால் முளைதிறன் கெடத் தொடங்கும் என்பது விதை உலர்த்துவோர் அறிந்த அளவு. கொதித்துக் கிடக்கும் தகட்டின் மேல் விதைநெல் மூட்டையை நேரே அடுக்கி மத்தியானம் முழுவதும் நிறுத்தி வைப்பது நல்லதன்று. மழை நாளில் தகடு வழுக்கும். மூட்டையும் வழுக்கும், அதைச் சுமப்பவரும் வழுக்குவார். புள்ளிக் கோடு பொறித்த செக்கர்த் தகடு வாங்கினால் இது குறையும், ஆனால் அதில் மண் அப்பிக்கொண்டால் சவளால் வழித்தெடுப்பது எளிதன்று.

எனவே நாள்தோறும் மணல், கிரவல், கருங்கல் ஏற்றுவதே தொழில் என்றால் தகடுதான் சரி. அதுவும் சட்டத்தை நெருக்கி, 4 மில்லிமீற்றருக்குக் குறையாமல் போட்டால். வயல் வேலையே முக்கியம், மற்றவை இடையிடையே என்றால் மரம்தான் சரி.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழியை ஒட்டுக் கடைகளில் அடிக்கடி சொல்வார்கள்: பழைய பலகையை எடுக்காமல் அதன் மேலேயே மெல்லிய தகட்டை அடித்துவிடலாம், மரம் தாங்கும், தகடு காக்கும் என்று. கேட்க நன்றாக இருக்கும் இந்த வழியே எல்லாவற்றிலும் மோசமானது. தகட்டின் பொருத்துகள் வழியாகவும் ஆணித் துளை வழியாகவும் தண்ணீர் உள்ளே போகும். காற்றுப் படாததால் திரும்ப வெளியே வராது. சோளகம் முழுவதும் அடித்தாலும் தகட்டுக்குக் கீழே மரம் ஈரமாகவே கிடந்து இரண்டு மூன்று மாரிக்குள் கூழாகிவிடும். ஈர மரத்தின் புளிப்பு தகட்டையும் அடியிலிருந்து அரிக்கும். இதில் கொடுமை என்னவென்றால் மேலிருந்து பார்க்கும்போது எல்லாம் சரியாகவே தெரியும். தகடு வேண்டுமென்றால் மரத்தைக் கழற்றிவிட்டுப் போடுங்கள். மரம் வேண்டுமென்றால் அதன் தலையில் எதையும் மூடாதீர்கள். ஒட்டுப்பலகையும் ஏறக்குறைய இதே வகைதான்: கடல் தரமென்று விற்கப்படுவது கூட வெட்டு ஓரங்களில் நீர் குடித்து ஏடு ஏடாகப் பிரியும்.

மரம் என்று முடிவானால் எந்த மரம்? இங்கே வன்னிக்காரருக்குப் பிற பிரதேசத்தவரை விடத் தெரிவு அதிகம், கட்டுப்பாடும் அதிகம். முதிரையும் பாலையும் இந்தக் காட்டின் பெருமரங்கள். வைரம் பாய்ந்த முதிரைப் பலகையை வெல்ல மரமில்லை என்று தச்சர்கள் சொல்வதில் மிகையில்லை. ஆயினும் அனுமதிப்பத்திரமின்றித் தறித்த மரத்தை ஏற்றிப் பிடிபட்டால், சட்டப்படி மரத்தோடு வாகனத்தையும் பறிமுதல் செய்ய முடியும். பெட்டிக்குப் பலகை தேடப்போய் இயந்திரத்தையே இழப்பதில் அர்த்தமில்லை. பற்றுச்சீட்டுத் தரும் மரக்காலையில் வாங்குங்கள், அந்தச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். பாலையைப் பற்றி இன்னொன்று: நீரில் தாழுமளவு பாரமான அந்த மரத்தில் துளையிடாமல் ஆணி இறங்காது, இறங்கினால் பிளக்கும். காட்டுக்குப் போய்ப் பாலைப்பழம் பறித்துத் தின்று வளர்ந்தவர்களுக்கு அந்த மரத்தைத் தட்டுப் பலகையாக்க மனமும் வராது.

நடைமுறையில் நல்ல தெரிவு தேக்கு. முள்ளியவளைத் தேக்கங்காடு போல அரசு நட்டு வளர்த்த தோட்டங்கள் இங்கேயே இருப்பதாலும், அரச மரக்கூட்டுத்தாபனம் வழியாகச் சீட்டோடு கிடைப்பதாலும், தேடி அலைய வேண்டியதில்லை. ஆனால் தேக்கு என்ற பெயருக்குப் பணம் கொடுக்காமல், மரத்தின் கடினமான உட்பகுதியான வைரத்துக்குக் கொடுக்க வேண்டும். இளந்தேக்கில் ஓரத்தில் வெளிறிய வெள்ளை அதிகம் இருக்கும். அந்த வெள்ளைக்குத் தேக்கின் குணம் எதுவும் கிடையாது, இரண்டு மாரியில் உளுத்துவிடும். பலகையின் முகத்தில் வெள்ளை ஒரு விரலகலத்துக்கு மேல் தெரிந்தால் ஒதுக்கிவிட்டு அடுத்ததை எடுங்கள், அல்லது சீவி எடுத்த பின் எஞ்சும் அகலத்துக்கே விலை பேசுங்கள்.

வேம்பு பலரும் குறைத்து மதிக்கும் மரம். வளவில் சாய்ந்த மரம் இருந்தால் அரிவுக்கூலி மட்டும்தான் செலவு. பூச்சி அண்டாது, வைரம் நன்றாக நிற்கும். குறை என்னவென்றால் பச்சையாக அரிந்து உடனே பூட்டினால் முறுகும். அரிந்த பலகைகளை நிழலில், இடையிடையே சட்டம் வைத்து அடுக்கி, மேலே கல் ஏற்றி, ஒரு சோளகம் முழுவதும் காயவிட்டால் அந்தக் குறை பெரும்பாலும் நீங்கும். மா, முள்முருங்கை, பழைய இறக்குமதிப் பொதிகளிலிருந்து கழற்றிய பைன் போன்றவை அவசரத்துக்கு ஒரு போகம் தாங்கும். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

பனையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனெனில் பழைய வீடுகள் இடிக்கும்போது கூரையைத் தாங்கிய பனந் தீராந்தியும் சலாகையும் மலிவாகக் கிடைக்கும். பனையின் பலமெல்லாம் வெளிச்சுற்றுக் கறுப்பு நாரில். நடு சோற்றியாக இருக்கும். நீளவாக்கில் இரும்புபோல நிற்கும் அந்த நார், குறுக்கே போல்ற் இறுக்கும்போது பிளந்து சிராய் எழும், வெறுங்காலோடு ஏறுபவரின் பாதத்தில் ஏறும். தட்டுப் பலகையாக நான் அதை விரும்பமாட்டேன். பக்கப்பலகைக்குப் பின்னால் நிற்கும் முட்டுக்கட்டைகளுக்கு அதைவிட நல்லது கிடையாது. போர்க்காலத்தில் நின்ற பனையையோ வேறு மரத்தையோ அரிவதென்றால் செல் துண்டுகள் உள்ளே புதைந்திருக்கலாம். பட்டையில் பழைய தழும்புகளைப் பார்த்துச் சொல்லிவிட்டே ஆலையில் இறக்க வேண்டும், வாள் உடைந்தால் அரிபவருக்கும் காயம். புதிதாகப் பனை தறிப்பதற்கும் அனுமதி தேவை.

இப்போது பூச்சுக்கு வருவோம். நம்மூரில் முதலில் கைக்கு வருவது கழிவு ஒயில். ஒவ்வொரு ஒயில் மாற்றத்திலும் சும்மா கிடைக்கிறது, பலகை கறுத்து மினுங்குகிறது, கறையானும் கொஞ்ச நாள் விலகி நிற்கிறது. தண்ணீரையும் அது ஓரளவு தள்ளும் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அது ஒருநாளும் உலர்வதில்லை. நெல் மூட்டையின் அடியில் ஒயில் ஊறும்; உரப்பையின் நெசவு வழியாக நெல்லுக்குள் இறங்கும்; அந்த நாற்றம் குற்றிய அரிசியிலும் நிற்கும். எஞ்சினில் எரிந்த ஒயிலில் உலோகத் துகள்களும் தோற்புற்றுநோயோடு தொடர்புபடுத்தப்படும் எரிகழிவுச் சேர்மங்களும் இருக்கின்றன. முதல் மழையில் அது வழிந்து வளவுக்குள் இறங்கும். திறந்த கிணற்றில் குடிக்கும் ஊரில் இது சின்ன விடயமன்று. போதாததற்கு, ஒயில் ஊறிய பலகையில் பின்னர் வேறெந்தப் பூச்சும் பிடிக்காது. உணவு ஏற்றும் பெட்டிக்குக் கழிவு ஒயில் கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை.

எனாமல் பெயின்ற்றும் வார்னிசும் மரத்தின் மேல் தோல் போல அமர்பவை. பக்கப்பலகைக்கும் இரும்புச் சட்டத்துக்கும் எனாமல் நல்லது. அடித்தட்டில் சவளின் முதல் வாரலிலேயே அந்தத் தோல் கிழியும். கிழிசல் வழியாக நுழைந்த ஈரம் மீதித் தோலுக்குக் கீழே ஓடி அங்கேயே தங்கும். சாதாரண வார்னிசு வன்னி வெயிலில் ஒரு கோடை கூட நிற்காமல் செதில் செதிலாக எழும்பும், புதுப்பிப்பதென்றால் முழுவதையும் சுரண்ட வேண்டும். தார் கோடையில் இளகி மூட்டையில் ஒட்டும் என்பதால் மேற்பரப்புக்கு ஆகாது. ஆனால் குறுக்குச் சட்டத்தின் மேல்முகத்தில், பலகை அமரும் இடத்தில், தார்ப் பூச்சு ஒன்றைப் போட்டு நன்றாகக் காயவிடுவது இரும்புக்கும் மரத்துக்கும் நல்ல இடைத்தோலாக இருக்கும். வேப்பெண்ணெயை விரும்புவோர் உண்டு. பூச்சிக்கு அது கசப்புத்தான், ஆயினும் அதுவும் இறுகி உலராத எண்ணெய், தூசியை இழுத்து வைத்துக்கொள்ளும்.

அடித்தட்டுக்கு வேண்டியது மரத்துக்குள் இறங்கி உள்ளேயே இறுகும் எண்ணெய். கடைகளில் லின்சீட் ஒயில் என்று கிடைக்கும் ஆளிவிதை எண்ணெய் அந்த வகை. பச்சை எண்ணெய் உலரப் பல நாள் எடுக்கும். காய்ச்சிய எண்ணெய் என்று விற்பது ஓரிரு நாளில் உலரும், அதையே வாங்குங்கள். முதற் பூச்சில் பாதிக்குப் பாதி தேர்ப்பந்தைன் கலந்து இளக்கினால் ஆழமாக இறங்கும். அடுத்த இரண்டு பூச்சுகளும் கலப்பின்றி, மெல்லியதாக, அரை மணி நேரத்தில் குடிக்காமல் மேலே நிற்பதைத் துணியால் துடைத்தெடுத்து. துடைக்காமல் விட்டால் பசையாக நின்று பதர் முழுவதையும் ஒட்டிக்கொள்ளும். இதன் குறைகளையும் மறைக்கக் கூடாது: தண்ணீரை இது முற்றாகத் தடுக்காது, தாமதிக்கும், நீண்ட ஈரத்தில் எண்ணெயே பூஞ்சணத்துக்கு உணவாகிப் பலகை கறுக்கும், ஆண்டுக்கு ஒரு பூச்சாவது திரும்பக் கொடுக்க வேண்டும். ஆனால் அந்தத் திரும்பப் பூசுதல் கழுவி, காயவிட்டு, ஒரு காலைப்பொழுதில் முடியும் வேலை. எதையும் சுரண்ட வேண்டியதில்லை. பூஞ்சணக்கொல்லி சேர்த்த வெளிப்புற மர எண்ணெய் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ கிடைத்து, விலையும் கட்டுப்படியானால் அது இன்னும் மேல். 2022இல் ரூபா சரிந்த பிறகு இறக்குமதிப் பூச்சுகளின் விலை ஏறிய ஏற்றத்தில் பலருக்கு அது கட்டுப்படியாகாது.

எண்ணெயின் பூஞ்சணக் குறைக்கு மலிவான மருந்து வெண்காரமும் போரிக் அமிலமும் சேர்ந்த கரைசல். மூன்று பங்கு வெண்காரத்துக்கு இரண்டு பங்கு போரிக் அமிலம் என்ற அளவில் சுடுநீரில் கரைத்து, எண்ணெய் பூசுவதற்கு முன், துளைகளிலும் பலகை முனைகளிலும் அடிப்பக்கத்திலும் ஊற ஊறப் பூசினால் பூஞ்சணம், கறையான், உளுவண்டு மூன்றுக்கும் எதிராக வேலை செய்யும். இது நீரில் கரைவது என்பதால் மழை கழுவிக்கொண்டு போகும். எனவே நன்றாகக் காய்ந்த பின் எண்ணெயால் அடைக்க வேண்டும். கரைசலைக் குழந்தைகளுக்கும் கால்நடைக்கும் எட்டாமல் வைக்க வேண்டும்.

பலகை முனைகள் தனிக் கவனம் கேட்பவை. மரம் முகத்தால் குடிப்பதை விட வெட்டுமுனையால் பல மடங்கு வேகமாக நீர் குடிக்கும். முனைக்கு மட்டும் எண்ணெய் காய்ந்ததும் தடித்த எனாமல் இரண்டு பூச்சுக் கொடுங்கள். அங்கே சவள் படாது, ஆகவே உரியாது.

பூட்டுவதில் ஆணி வேண்டாம். ஆணி ஆட்டத்தில் இளகி, துளையைப் பெருக்கித் தண்ணீருக்கு வழி விடும். நாகம் பூசிய போல்ற்றும் அகன்ற வாசரும், புதிதாக இட்ட துளைக்குள் எண்ணெயும் போதும். வசதி உள்ளவர்கள் கறள் பிடிக்காத உருக்கில் போடலாம். உரமும் உப்பும் ஏற்றுபவர்களுக்கு அந்தச் செலவு வீணாகாது. காய்ந்த பலகைகளுக்கிடையே நாலங்குல ஆணி ஒன்று நுழையுமளவு இடைவெளி விட வேண்டும். உதிரியாக நெல் ஏற்றும்போது அந்த இடைவெளியால் சிந்துமே என்பார்கள். சிந்தும்தான், அதற்குத்தான் படங்கு விரிப்பது. நெல் சிந்தக்கூடாதென்று பலகைகளை இறுக்கி நெருக்கியவர்களின் தட்டுத்தான் முதலில் உக்குகிறது. பச்சைப் பலகையானால் நெருக்கியே பூட்டலாம், காயும்போது இடைவெளி தானே திறக்கும்.

இரு சில்லு இயந்திரத்தின் சிறிய பெட்டிக்கும் இதே முறைதான். அங்கே ஓரங்குல வேப்பம்பலகையே போதுமானது. தேக்குக்குச் செலவழிக்கத் தேவையில்லை.

மாரியில் பெட்டியை நிறுத்தும் விதம் பூச்சை விட அதிகம் காக்கும். கொழுக்கியைக் கல்லின் மேல் உயர்த்தி, தட்டைப் பின்பக்கம் சரித்து, பின்கதவைத் திறந்து விட்டால் மழைநீர் நிற்காது. மாமர நிழலில் நிறுத்தினால் இலை விழுந்து ஊறும். கொட்டில் இல்லாவிட்டால் வெட்டவெளியே மேல். தட்டோடு ஒட்டப் படங்கை மூடிக் கட்டுவது ஈரத்தை உள்ளே பூட்டுவதாகும். முண்டு கொடுத்த கட்டையில் கறையான் மண்குழாய் ஏறியிருக்கிறதா என்று இடையிடையே பார்க்க வேண்டும். மரமுண்டுக்குப் பதில் சீமெந்துக் கல் வைத்தால் குழாய் ஏறினாலும் கண்ணுக்குத் தெரியும். நெல் ஏற்றிய பின் இடைவெளிகளை ஒரு கம்பியால் கிளறி விடுவது ஐந்து நிமிட வேலை.

எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் உலரும்போது சூடு வெளிவிடும். சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு சேர்ந்து தானாகவே தீப்பற்றும், பக்கத்தில் வைக்கோல் போர் இருந்தால் சொல்லத் தேவையில்லை. தண்ணீரில் நனைத்து, வேலியில் தனித்தனியே விரித்துக் காயப்போட்ட பின்னரே அகற்றுங்கள். கடைசிப் பூச்சுக்குப் பின் தட்டை ஒரு கிழமையாவது பாரமேற்றாமல் விட வேண்டும். அதன் மேல் நாலைந்து துளி தண்ணீர் தெளித்துப் பாருங்கள்: முத்தாக நின்றால் ஐப்பசி மழைக்குத் தட்டு தயார், சில நிமிடத்தில் ஊறிப்போனால் இன்னொரு பூச்சுக் கேட்கிறது.